வெங்கடேசப்பாவின் கார்டை வெட்டிய நாள்

போன வாரம் உங்கள் கடைக்கு வந்திருந்தேன், மருமகனுக்குக் கிடார் பட்டை ஒன்று வாங்க. எனக்கு முன்னால் ஒருவர் புதுக் கிடாரை உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. கார்டை வாங்கித் தேய்த்த உங்கள் ஆள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "சார், டிக்ளைன் ஆயிடுச்சு, வேற கார்டு இருக்கா?" என்று கடைசி அலமாரி வரைக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த மனிதர் உறையைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே போனார். மனைவி பின்னாலேயே போனாள். உங்கள் ஆள் "நெக்ஸ்ட்" என்றார்.

நான் பட்டை வாங்கவில்லை. வெளியே வந்து உங்கள் மேலாளருக்குப் போன் போட்டுத் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புதிதாக வந்தவர்களுக்கு என் அனுபவத்தை எழுதிக் கொடுத்தால் கூட்டத்தில் படித்துக் காட்டுவோம் என்றார். சரி, எழுதுகிறேன். கருவிகளை எப்படி அடுக்குவது, விலையை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். காசு வாங்குகிற இடத்தில் நிற்பவருக்குக் கொஞ்சம் புத்தி வேண்டும். அது எனக்கு இல்லாமல் போன ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இனிப்பாக இருக்காது.

ஓசூரில் பாகலூர் சாலையில் ஒரு கடையில் இருபத்திரண்டு வருஷம் கவுண்டரில் நின்றேன். முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். கடையின் ஒரு பக்கம் கிடார், கீபோர்டு, தபேலா, டிரம் பேடு. மறுபக்கம் கேரம் போர்டு, பேட்மிண்டன் மட்டை, கேமரா, ஃபிலிம் சுருள், மீன் பிடிக்கிற தூண்டில்கூட உண்டு. இதில் எதுவும் இல்லாமல் ஒரு மனிதன் செத்துப் போய்விட மாட்டான். அதை நீங்கள் முதலில் மனதில் வையுங்கள். அரிசிக் கடையில் காசு குறைந்தால் கடைக்காரரே நாளைக்குக் கொடுங்கள் என்பார். நம் கடையில் காசு குறைந்தால் பின்னால் நிற்பவன் சிரிப்பான். இருக்கிற கஷ்டத்தில் இது ஒரு கேடா என்று வீட்டில் ஏற்கனவே கேட்டு அனுப்பியிருப்பார்கள். அதையெல்லாம் தாண்டி, ஆசைப்பட்டு, துணிந்து ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். அவருக்கு இங்கே அவமானம் நேர்ந்தால் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கடைக்குக் கிரெடிட் கார்டு வந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள். அங்கே இருந்த இன்ஜினியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பெங்களூர் வங்கி ஒன்று ஆளைத் தேடிப் போய்க் கார்டு கொடுத்தது. அந்தக் கார்டை வாங்க எங்களுக்கும் ஒரு இரும்பு மெஷின் கொடுத்தார்கள். கார்டை அதில் வைத்து, மேலே கார்பன் சீட்டை வைத்து, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் எண்கள் சீட்டில் பதியும். வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான். கார்டில் பணம் இருக்கிறதா, ஆள் யார் என்று அந்த மெஷினுக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் இரண்டு ஏற்பாடு. நிறுத்தி வைத்த கார்டுகளின் எண்களை அச்சடித்து ஒரு சின்னப் புத்தகம் தபாலில் அனுப்புவார்கள். சின்னத் தொகை என்றால் அதில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய தொகை என்றால் பெங்களூருக்கு எஸ்.டி.டி. போட்டு அனுமதி எண் வாங்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு எஸ்.டி.டி. அந்த லைன் எப்போதும் பிஸி. வாடிக்கையாளர் எதிரில் நிற்பார், நான் எண்ணைச் சுழற்றிக்கொண்டே இருப்பேன். நிறுத்தி வைத்த கார்டு கையில் சிக்கினால் திருப்பிக் கொடுக்கக் கூடாது. இரண்டாக வெட்டித் துண்டுகளை வங்கிக்கு அனுப்ப வேண்டும். பிடித்துக் கொடுத்த ஆளுக்கு வங்கி ஒரு சன்மானம் தரும். அதற்காகவே கவுண்டரில் ஒரு கத்திரிக்கோல் தொங்கும்.

முதல் வருஷம் நான் எல்லோரிடமும் நல்லபடியாகத்தான் இருந்தேன். அதற்கு நல்ல பாடம் கிடைத்தது. இங்கிலீஷில் அழகாகப் பேசிய ஒருவன் வந்தான். மாமா கார்டு என்றான், மாமா வெளியே காரில் இருக்கிறார் என்றான். நான் எட்டிப் பார்த்தேன், காரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அது போதும் என்று கைப்பிடியை இழுத்துவிட்டேன். கேமரா ஒன்று, கிடார் ஒன்று. காரில் இருந்தவர் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிற டிரைவர். கார்டு திருட்டுக் கார்டு. கேமரா, கிடார் எல்லாம் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிப் போய்விட்டது. வங்கி கை விரித்தது, பாய் என் சம்பளத்தில் ஐந்து மாதம் பிடித்தார். பிடித்தது நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு கார்டோடு வருகிற ஒவ்வொருவரையும் திருடனாகப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு கார்டு வெட்டினேன், இரண்டு தடவை சன்மானம் வந்தது. கெட்டிக்காரி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பில் இருந்தபோதுதான் வெங்கடேசப்பா வந்தார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். பாகலூர் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், சந்தையில் கன்னடம். நாற்பத்தைந்து வயது இருக்கும். சத்தமாகப் பேச மாட்டார். கீபோர்டு நன்றாக வாசிப்பார். அவர் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார்கள். நம் ஊரில் ஆயுத பூஜை என்றால் தொழிற்சாலைக்குத்தான் பெரிய பண்டிகை, உங்களுக்குத் தெரியும். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, குடும்பத்தோடு வந்து, மாலையில் கச்சேரி. அந்தக் கச்சேரியை வெளியிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா கூப்பிடாமல் இவர்களே நடத்துவார்கள்.

குழுவுக்குக் கருவி வாங்க வேண்டும். தொழிலாளியிடம் மொத்தமாகப் பணம் ஏது? வெங்கடேசப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். போன வருஷம் ஆம்ப்ளிஃபயர், மைக், டிரம் பேடு எல்லாவற்றையும் எங்கள் கடையில் அவருடைய கார்டில் வாங்கினார். முப்பது பேரும் சம்பள நாளில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் அவர் கையில் கொடுப்பார்கள். அவர் அதை வைத்து மாதாமாதம் கார்டுக்குக் கட்டுவார். மெஷினில் கை கருத்துப்போன முப்பது பேர், ஒரு இன்ஜினியரை நம்பி, எழுத்து இல்லாமல் காகிதம் இல்லாமல் பணம் கொடுத்தார்கள். அந்த இடத்தில் அது சாதாரண விஷயம் கிடையாது. அதிகாரியும் தொழிலாளியும் ஒரே கேன்டீனில் தனித்தனி பெஞ்சில் சாப்பிடுகிற காலம் அது.

இந்த வருஷம் பழைய கீபோர்டு போய்விட்டது, புதிது வேண்டும். ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மதியம், முதல் ஷிஃப்ட் விட்ட நேரத்தில், வெங்கடேசப்பா குழு ஆட்கள் நான்கைந்து பேரோடு வந்தார். அதில் டிரம் பேடு வாசிக்கிற மாரி ஒருவன். தொரப்பள்ளிக்காரன், வாய் சும்மா இருக்காது. கீபோர்டை எடுத்து வைத்ததும் வெங்கடேசப்பா நின்றபடியே இரண்டு நிமிஷம் வாசித்துப் பார்த்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாரி என்னிடம், "யக்கா, எங்க சார் வாசிக்கறதுக்கு நீதான் காசு குடுக்கணும், பாத்துக்கோ கூட்டம் சேர்ந்துபோச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

விலை பதினெட்டாயிரம். வெங்கடேசப்பா கார்டை நீட்டினார். பெரிய தொகை, போன் போட வேண்டும். பண்டிகை நேரம், கடையில் கூட்டம். ஒருவர் தபேலா தோல் கேட்கிறார், ஒருவர் ஃபிலிம் கழுவ வந்து நிற்கிறார். லைன் கிடைக்கவில்லை. ஏழெட்டுத் தடவை போட்டேன். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கடைசியில் கிடைத்தது.

அந்தப் பக்கம் பேசுவது எப்போதும் ஒரே பெண்தான். இரண்டு வருஷமாகக் குரல் தெரியும், பெயர் தெரியாது. கன்னடம் பாதி தமிழ் பாதியாகப் பேசும். எண்ணைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காகிதம் புரளுகிற சத்தம். "மேடம், இது லிஸ்ட்ல இருக்கு. பேமென்ட் பந்தில்லா. திருப்பிக் குடுக்கபேடி, கட் மாடி அனுப்பிடுங்க" என்றது குரல். பணம் வரவில்லை, கார்டை வெட்டி அனுப்பு என்று அர்த்தம். சரி என்று போனை வைத்துவிட்டேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். சரி என்று வைத்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை.

கத்திரிக்கோலை எடுத்தேன். வெங்கடேசப்பா என் கையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கவுண்டர் மேல் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மேடம், ஒரு நிமிசம். நான் பேங்குக்கு செக்கு அனுப்பிச்சி பதினெட்டு நாளாவுது. கொஞ்சம் உள்ள வந்து பேசலாமா?"

நான் சத்தமாகவே சொன்னேன்: "எல்லாரும் இதத்தான் சார் சொல்றாங்க. பேங்க்ல பணம் வரலேன்னு சொல்றாங்க."

வெட்டினேன். தடிமனான பிளாஸ்டிக், ஒரே வெட்டில் போகாது. இரண்டு தடவை அழுத்தி வெட்டினேன்.

மாரிதான் முதலில் வாயைத் திறந்தான். அந்த ஆளுக்குக் கிண்டல் தவிர வேறு குரல் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். "சார், நாங்க மாசாமாசம் குடுத்தது கட்டலயா?"

வெங்கடேசப்பா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெட்டிய துண்டுகளைப் பார்த்தார். "கட்டியிருக்கேன் மாரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த இடத்தில் அதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் பொய் மாதிரிதான் கேட்கும். அவர்கள் போனார்கள். வந்தபோது சேர்ந்து வந்தவர்கள், போகும்போது அவர் முன்னால் தனியாகவும் இவர்கள் பத்தடி பின்னாலும் போனார்கள். நான் அடுத்தவருக்குத் தபேலா தோலை எடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பாய் கடைக்கு வந்ததும் பெருமையாகத்தான் சொன்னேன், இன்னொரு கார்டு பிடித்தேன் என்று. யாருடையது என்றார். சொன்னேன். பாய் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, செக்கு அனுப்பினேன்னு சொன்னாரா?"

"சொன்னாரு பாய். எல்லாரும் சொல்றதுதான."

"எந்த ஊரு பேங்க் செக்கு?"

"ஓசூர்தான் இருக்கும்."

"நம்ம கடைச் செக்கயே பெங்களூர் ஹோல்சேல்காரன் கையால தொடமாட்டான். வெளி மாநிலச் செக்கு, கலெக்சனுக்குப் போய் வர மூணு வாரம் ஆவும், டிடி கொண்டான்னுதான் சொல்லுவான். வருசம் பூரா டிடி எடுக்க பேங்க் வரிசைல நிக்கறது நீ. உனக்குமா தெரியல?"

தெரியும். அதுதான் வெட்கக்கேடு. ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகா. காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போய் மாலையில் திரும்பி வருகிற தூரம்தான் பெங்களூர். ஆனால் ஓசூர் செக்கை அங்கே போட்டால் அது திரும்ப ஓசூருக்கே தபாலில் வந்து, இங்கே சரிபார்த்து, மறுபடி அங்கே போய்ச் சேர வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு நடந்து போயிருந்தால்கூட மறுநாள் போய்ச் சேர்ந்திருக்கும். கார்டு வைத்திருந்த ஓசூர்க்காரர்களில் பாதிப்பேர் இந்தத் தாமதத்தில் மாட்டியவர்கள். வேறு எந்த ஊர்க் கடைக்காரிக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயே கிடையாது. பதினெட்டு நாள் என்று அந்த மனிதர் சொன்ன கணமே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஏனென்றால் என் காது அப்போது சன்மானத்தில் இருந்தது.

மறுநாள் பெங்களூர் பஸ் ஏறினேன். பாய் போகச் சொல்லவில்லை, நானே போனேன். வங்கியின் கார்டு அலுவலகம் இரண்டாவது மாடியில். ஒரு அதிகாரியிடம் போய்க் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். மூன்று மேஜைக்கு அனுப்பினார்கள். கடைசி மேஜையில் லெட்ஜரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செக் கெடு தேதிக்கு முன்னாடியே கைக்கு வந்துவிட்டது, கலெக்‌ஷனுக்குப் போயிருந்தது, நேற்றுப் பணம் வந்துவிட்டது, கணக்கு சரியாக இருக்கிறது என்றார். ஏதோ மழை நின்றுவிட்டது என்பது போலச் சொன்னார். அப்புறம் டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். கார்டு பிடித்ததற்குச் சன்மானம் வாங்குகிற படிவம். கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

அந்த இடத்தில் நான் என்ன பேசினேன் என்று எழுதினால் உங்கள் மேலாளர் இதைக் கூட்டத்தில் படிக்க முடியாது.

எனக்குக் கடிதம் வேண்டும் என்றேன். தவறு என்று எழுத மாட்டோம் என்றார்கள். வருந்துகிறோம் என்றும் எழுத மாட்டார்களாம். செக் எந்தத் தேதியில் வந்தது, கெடு எந்தத் தேதி என்ற இரண்டு வரியை மட்டுமாவது எழுதுங்கள் என்று மதியம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். எழுதினார்கள்.

தட்டச்சு ஆவதற்குக் காத்திருக்கும்போது பக்கத்து அறையில் தெரிந்த குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மெலிந்த பெண், கண்ணாடி போட்டிருந்தது, எதிரில் இரண்டு போன், பக்கத்தில் ஆளுயரத்துக்குக் காகிதக் கட்டு. ஓசூர்க் கடையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நீ வெட்டச் சொன்னதால் ஒரு மனிதரின் மானம் போயிற்று என்றேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "அவரு செக் அனுப்பிட்டாருன்னு நீங்க எங்கிட்ட சொல்லலையே மேடம். கலெக்‌ஷன் ரிஜிஸ்டர் இங்கயே இருக்கு, பாத்து ஹோல்ட் பண்ணியிருப்பேன். நான் லிஸ்ட்ல இருக்கறத சொன்னேன். நீங்க சரின்னு போன வச்சிட்டீங்க" என்றது. சொல்லிவிட்டு அடித்துக்கொண்டிருந்த அடுத்த போனை எடுத்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பெண் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். முடியவில்லை. எனக்கு இந்தத் தொழிலில் யார் குரு என்று கேட்டால் பெயர் தெரியாத அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன்.

வியாழக்கிழமை கடிதத்தோடு தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். செக்யூரிட்டி உள்ளே சொல்லி அனுப்பினார். வெங்கடேசப்பா யூனிபார்மோடு வாசலுக்கு வந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். நின்று இரண்டு முறை படித்தார். மன்னித்துவிடுங்கள் என்றேன், உங்கள் ஆட்கள் முன்னாலேயே இதைப் படித்துச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன்.

"அவசியமில்ல மேடம். கூட்டுறவுச் சங்கத்துல அவசரக் கடன் போட்டு, போன வருசம் பூரா அவங்க குடுத்தத நேத்து எல்லாருக்கும் திருப்பிக் குடுத்துட்டேன். ஆளுக்கு அறுநூறு."

ஏன் அப்படிச் செய்தீர்கள், நீங்கள்தான் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்களே என்றேன்.

"நான் கட்டினது எனக்குத் தெரியும். அவங்க பாத்தது கத்திரிக்கோலத்தான்." கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இத நீங்களே வச்சிக்கங்க. எனக்கு அன்னிக்கு வேண்டியிருந்தது அஞ்சு நிமிசம்."

உள்ளே போய்விட்டார். நான் போகவில்லை. மதியச் சங்கு ஊதியதும் ஆட்கள் எதிரில் இருந்த டீக்கடைக்கு வந்தார்கள். மாரியும் இருந்தான். கடைப் பெஞ்சு பக்கத்தில் நின்று அந்த இரண்டு வரியை இங்கிலீஷில் படித்து, தமிழில் சொன்னேன். செக் எப்போது போனது, ஏன் தாமதமாயிற்று, அந்தத் தாமதம் எனக்குத் தெரிந்திருந்தும் நான் கேட்காமல் வெட்டினேன் என்பது வரைக்கும் சொன்னேன். அத்தனை ஆண்கள் நடுவில் நின்று என் முட்டாள்தனத்தை நானே சொல்வது எனக்கு விருந்து இல்லை. ஆனால் அவரை வெட்டியது பொது இடத்தில். ஒட்டுவதும் பொது இடத்தில்தான் செய்ய வேண்டும்.

ஒருவர் டீயைக் குடிக்காமலேயே கிளாஸை வைத்தார். மாரிதான் கேட்டான்: "இத அன்னிக்கே கேட்டிருக்கலாமே யக்கா. நீ கேக்கல, சரி. நாங்க அவுரோட பத்து வருசமா இருக்கறோம். நாங்களும் கேக்கலியே."

அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றைக்குப் பிறகு எங்கள் கவுண்டரில் நான் வைத்துக்கொண்ட வழக்கத்தைச் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி என்ன சொன்னாலும் முகத்தில் காட்டுவதில்லை. லைன் சரியில்லை, உள்ளே வந்து ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று ஆளைக் கடைக்குப் பின்னால் கருவி பழுது பார்க்கிற அறைக்குக் கூப்பிடுவேன். அங்கே வைத்துச் சொல்வேன். அவர் சொல்வதைக் கேட்பேன். மறுபடி போன் போட்டு, அவர் சொன்னதை அப்படியே அந்தப் பக்கம் சொல்வேன். திருட்டுக் கார்டு வைத்திருப்பவன் உள்ளே வர மாட்டான், அவசரம் என்று சொல்லிக் கம்பி நீட்டுவான். நேர்மையானவன் உட்கார்ந்து விளக்கம் சொல்வான். இதைக் கண்டுபிடிக்க மெஷின் தேவையில்லை. இன்றைக்கு உங்கள் மெஷின் இரண்டு நொடியில் பதில் சொல்கிறது. அதில் எத்தனை தடவை வங்கிக் கோளாறு, எத்தனை தடவை நெட்வொர்க் கோளாறு என்று உங்களுக்கே தெரியும். தெரிந்தும் மைக் பிடித்தது போல அறிவிக்கிறீர்கள்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் மாரியும் இன்னும் ஆறேழு பேரும் கடைக்கு வந்தார்கள். வெங்கடேசப்பா இல்லை. மாரி ஒரு மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தான். எல்லாம் ஆளுக்கு அறுநூறாகத் திரும்பி வந்த அதே பணம்.

"திருப்பிக் குடுத்தா வாங்கமாட்டேங்கறாரு யக்கா. ரெண்டு நாளா கெஞ்சிப் பாத்தாச்சி. பணமா வாங்கலேன்னா பொருளா வாங்கிக்கட்டும். அந்தக் கீபோர்டயே குடு. பில்லு எங்க பேர்ல போடாத, அவுரு பேர்ல போடு."

அவர் பெயரில் பில் போட்டேன். முழுப் பெயர், இனிஷியலோடு.

பூஜையன்று நடந்ததை மாரி பிறகு சொன்னான். கீபோர்டை மேடையில் வைக்க இவர்களுக்குத் துணிச்சல் இல்லை. அவருடைய பிரிவில், அவர் பார்த்துக்கொள்கிற லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேல் வைத்து, மற்ற மெஷின்களுக்கு வைத்தது போலவே சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் பில்லையும் வைத்துவிட்டார்கள். வெங்கடேசப்பா குடும்பத்தோடு வந்தார். வரிசையாகக் கற்பூரம் காட்டிக்கொண்டு வந்தவர் ஸ்டூலுக்கு முன்னால் நின்றார். பில்லைப் படித்தார். அதற்கும் கற்பூரம் காட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். அந்த வருஷம் மேடையில் கச்சேரி இல்லை. கேசட் போட்டார்கள்.

பண்டிகை விடுமுறை முடிந்து கடை திறந்த அன்று காலையில் மாரி வந்து நின்றான். கையில் கீபோர்டின் அடாப்டர்.

"பன்னண்டு வோல்ட்டு வேணுமாம், நீ ஒம்போது குடுத்திருக்கியாம். பில்லு மட்டும் ஒழுங்கா போட்டிருக்காங்க, பொருள ஒழுங்கா குடுக்கத் தெரியலன்னு சார் திட்டினாரு. சாயங்காலம் பிராக்டீஸ் இருக்குது, சீக்கிரம் மாத்திக் குடு யக்கா."

எந்த சார் என்று நான் கேட்கவில்லை. மாற்றிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் செருகி எரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் குழு ஒவ்வொரு வருஷமும் வாசித்தது. மைக், ஒயர், கிடார் கம்பி என்று அவர் கையால் எழுதிய சீட்டோடும் ரொக்கத்தோடும் மாரி வருவான். கடை வேலையிலிருந்து நான் நிற்கும்வரை சீட்டு வந்துகொண்டிருந்தது. வெங்கடேசப்பா மட்டும் எங்கள் கடைப் படியை மறுபடி ஏறவில்லை.